டாப் பாக்ஸில் எல்.இ.டி. பிரேக் விளக்கும் டெயில் விளக்கும்: குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஓட்டுபவர்களின் கருத்து தேவை

பதிவு 1 – கம்பம்_பள்ளத்தாக்கு

அனைவருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப், குமுளி வழியாக வண்டிப்பெரியார், பீர்மேடு வரை ஏலக்காய் வியாபாரத்துக்காக மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறேன். மாதிரிக் காய்களும் மழைச்சட்டையும் நனையாமல் இருக்க வேண்டும் என்பதால் கேரியரில் டாப் பாக்ஸ் எப்போதும் பூட்டியே இருக்கும். அந்தப் பெட்டியின் பின்புறத்தில் பிரேக் விளக்கும் டெயில் விளக்கும் பொருத்த எண்ணியிருக்கிறேன். அலங்காரத்துக்காக அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால், பின்னால் வரும் பேருந்துக்கும் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப்புக்கும் நம்மைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான்.

பெட்டி உண்மையிலேயே விளக்கை மறைக்கிறதா என்பதை முதலில் அளந்து பார்த்தேன். டெயில் லேம்ப் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்திலும், பேருந்து ஓட்டுநரின் கண் 2.2 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். பெட்டியின் அடிப்பகுதி விளக்குக்கு 15 செ.மீ. மேலேயும், அதன் பின்விளிம்பு விளக்கைத் தாண்டி 25 செ.மீ. வெளியேயும் இருந்தால், பேருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்குள் நெருங்கிய பிறகே விளக்கு மறைகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால் கெட்டியான பெட்டியால் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டிக்குப் பதிலாகத் துணிப்பை கட்டி, அதன்மேல் மழையுறை போர்த்தி, அது விளக்குக்கு வெறும் 5 செ.மீ. மேலே தொங்கிக்கொண்டு 30 செ.மீ. பின்னால் நீட்டியிருந்தால், எட்டு மீட்டருக்கும் அதிகமான தூரத்திலேயே ஓட்டுநரின் பார்வையிலிருந்து விளக்கு மறைந்துவிடும். மலையில் பேருந்துகள் அதைவிடக் குறைந்த இடைவெளியில் பின்தொடர்வதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆகையால் பெட்டியோ பையோ வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் வண்டியில் இந்த இரண்டு அளவுகளையும் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறைக்கவில்லை என்றாலும் உயரத்தில் இன்னொரு விளக்கு இருப்பதில் பயன் உண்டு என்றே நம்புகிறேன். அமெரிக்காவில் 1986 மாடல் ஆண்டு முதல் கார்களின் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். அது பின்மோதல்களை 4.3 சதவீதம் குறைத்தது என்று அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1998-இல் மதிப்பிட்டது. அது கார்களுக்கான கணக்குதான். இருந்தாலும் விளக்கு பார்வை மட்டத்துக்கு அருகில் இருப்பதன் நன்மை இரு சக்கர வண்டிக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

என் வண்டியில் இருப்பது பழைய முறை 12 வோல்ட், 21/5 வாட் இரட்டை இழை பல்பு. பிரேக் அழுத்தியதும் அந்த இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி.யில் அந்தத் தாமதம் கிடையாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 0.2 விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

மின் இணைப்பைப் பற்றித்தான் எனக்குத் தெளிவு வேண்டும். பெட்டியை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதிவு 2 – நெடுங்கண்டம்_வழி

நல்ல முயற்சி அண்ணா. கடைகளில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வெட்டும் கோடு போட்டிருக்கும். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள பட்டையில் ஐந்து செ.மீ.க்கு ஒரு துண்டு எடுக்கலாம். அதைப் பெட்டியின் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி, பிரேக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. கூடவே, பிரேக் பிடிக்கும்போது படபடவென்று மின்னும் சிறிய சர்க்கியூட்டும் விற்கிறார்கள். பனியில் அது இன்னும் நன்றாகக் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

பதிவு 3 – போடி_ஆட்டோ_எலக்ட்ரிக்

கம்பத்துத் தம்பிக்கும் நெடுங்கண்டத்துத் தம்பிக்கும் வணக்கம். போடியில் வண்டி வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் கருதுவது ஒன்று உண்டு. பெட்டியில் என்ன கோளாறு நேர்ந்தாலும், வண்டியோடு வந்த டெயில் விளக்கும் பிரேக் விளக்கும் அதனால் அணையக் கூடாது. பெட்டி விளக்கு இருந்தால் நன்மை, எரியாவிட்டால் நட்டமில்லை என்ற நிலையில்தான் இணைப்பு அமைய வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றும் முறையை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். நம் பக்கத்து மழையில் டேப்பின் பசை கரைந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, செம்பு பச்சை பூத்துவிடும். அல்லது கேரியரின் விளிம்பில் கம்பி உரசி, வண்டியின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகிவிடும். பல வண்டிகளில் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் ஒரே ஃபியூஸில் இருக்கும். பெட்டிக்குப் போகும் மெல்லிய கம்பி ஒரு முறை எர்த் ஆனால் அந்த ஃபியூஸ் போய்விடும். பனி மூட்டத்தில் பாதி மலையில் பின்புறம் முழுவதும் இருட்டாகிவிடும். விளக்கைக் கூட்டப் போய் இருந்த விளக்கையும் இழப்பது அது.

ஆகையால் வண்டியின் கம்பியிலிருந்து கிளை எடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே, டெயில் கம்பிக்கு ஒன்றும் பிரேக் கம்பிக்கு ஒன்றுமாக, ஒரு ஆம்பியர் ஃபியூஸ் தனித்தனியாகப் போடுங்கள். பெட்டி விளக்கு எடுக்கும் மின்சாரம் கால் ஆம்பியரைக்கூடத் தாண்டாது. எர்த் ஆனால் அந்தச் சிறிய ஃபியூஸ்தான் முதலில் போகும். வண்டியின் சொந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கிளை எடுப்பதற்கு வண்டியின் கம்பியை வெட்ட வேண்டாம், தோலுரிக்கவும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் டெயில் லேம்ப் கப்ளர், அதாவது கம்பிகளைச் செருகி இணைக்கும் பிளக், இருக்கும். அதே வகைக் கப்ளர்களில் ஆணும் பெண்ணும் ஒரு சோடி வாங்கி, இடையில் செருகும் ஒரு குட்டி வயரிங் செய்துகொண்டால், கிளை அந்த இடைத்துண்டிலேயே இருக்கும். விற்கும்போது பிடுங்கி எடுத்துவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும். எந்தக் கம்பி எது என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, டெயில் விளக்கு எரியும்போதெல்லாம் மின்சாரம் வருவது எது, பிரேக் அழுத்தும்போது மட்டும் வருவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எர்த்துக்கு மூன்றாவது கம்பியைத் தனியாகக் கொண்டுபோங்கள். கேரியர் இரும்புதானே, அதையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். பெயிண்ட்டும் துருவும் ஏறிய இடத்தில் எர்த் நிலைக்காது, விளக்கு விட்டுவிட்டு எரியும்.

அடுத்தது டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறிய பாகம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் ஒரே எல்.இ.டி.களைப் பயன்படுத்தி, மின்சாரத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் மூலம் மங்கல், பிரகாசம் என்று பிரித்தால், டெயில் கம்பியில் வரும் மின்சாரம் பிரேக் கம்பிக்குள் பின்வழியாகப் போய்விடும். பழைய 21 வாட் பல்பு அந்தச் சில மில்லி ஆம்பியரைப் பொருட்படுத்தாது. வண்டியின் பிரேக் விளக்கே எல்.இ.டி.யாக இருந்தால், அது பிரேக் பிடிக்காதபோதும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கக்கூடும். இதைத் தடுக்க டெயில் கம்பியிலும் பிரேக் கம்பியிலும் 1என்4007 டயோடு ஒவ்வொன்று போதும்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். டயோடில் 0.7 வோல்ட் போகும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் மீதம் 7.1 வோல்ட். பிரேக் வழியில் 390 ஓம் போட்டால் 18 மில்லி ஆம்பியர், டெயில் வழியில் 2.2 கிலோ ஓம் போட்டால் 3.2 மில்லி ஆம்பியர். சார்ஜிங் 14.5 வோல்ட் வரை ஏறினாலும் பிரேக் வழியில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி.க்கு அது தாங்கும் அளவு. ரெசிஸ்டர் கால் வாட் போதும். இப்படி எட்டு வரிசை, அதாவது 24 எல்.இ.டி. வைத்தாலும் பிரேக் பிடிக்கும்போது மொத்தம் 0.17 ஆம்பியர்தான் ஆகிறது.

டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெயில் நன்றாகத் தெரியட்டும் என்று அதையும் பிரகாசமாக வைத்தால், பனியில் பின்னால் வருபவருக்கு எப்போதும் ஒரே சிவப்புக் கோளம்தான் தெரியும். நீங்கள் பிரேக் பிடித்ததை அவர் கண்டுகொள்ள வழி இருக்காது. கடையில் விற்கும் பட்டையை நேரடியாக இணைப்பதில் உள்ள குறை இதுதான். அது ஒரே வெளிச்சத்தில் மட்டும் எரியும். பட்டையே வேண்டுமென்றால் பிரேக்குக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, டெயிலுக்குத் தனியாக ஓரத்தில் இரண்டு சிறிய விளக்குகள் வைக்கலாம்.

பதிவு 4 – கம்பம்_பள்ளத்தாக்கு

அண்ணன் எழுதியதை அப்படியே தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். மிக்க நன்றி. ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வைக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். அது தேவையா?

பதிவு 5 – போடி_ஆட்டோ_எலக்ட்ரிக்

தேவையில்லை தம்பி. சாதாரண 12 வோல்ட் ஆட்டோ ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளே ஏறத்தாழ 0.15 ஆம்பியர் எடுக்கும். நீங்கள் வைக்கப் போகும் விளக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். விளக்கின் சுமையைக் குறைக்க விளக்களவு சுமையுள்ள இன்னொரு பொருளைச் சேர்ப்பதில் பயன் இல்லை. பல்பு போனால் மீட்டரில் எச்சரிக்கை காட்டும் விலை உயர்ந்த வண்டிகளில், அந்தக் கண்காணிப்பைக் குழப்பாமல் இருக்க, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸில் மின்சாரம் எடுத்து, பிரேக் கம்பியை மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுக்குச் சைகையாக மட்டும் கொடுப்பார்கள். உங்கள் இரட்டை இழை பல்பு வண்டிக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

பதிவு 6 – பீர்மேடு_தேயிலை

எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சட்டத்தைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். குமுளியைத் தாண்டி வரும் தமிழ்நாட்டு வண்டிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது.

2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஒரு சுற்றுலாப் பேருந்து கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு வண்டிகளில் கூட்டிப் பொருத்தும் பளபளப்பு விளக்குகள் விஷயத்தில் கேரள உயர்நீதிமன்றம் மிகவும் கண்டிப்பாக நடந்துகொண்டது. சோதனையும் அதற்கேற்பக் கூடியது. ஆகவே நெடுங்கண்டத்துத் தம்பி சொன்ன மின்னும் சர்க்கியூட்டை இந்தப் பக்கம் யாரும் வைக்க வேண்டாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 108-ஆம் விதிப்படி முன்புறம் சிவப்பும் கூடாது, பின்புறம் சிவப்பல்லாத நிறமும் கூடாது. திரும்பும் சைகையின் மஞ்சளும், எண் பலகைக்கான வெள்ளையும், பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்கும் விதிவிலக்கு. எனவே நிலையாக எரியும் சிவப்பு, வண்டியின் விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைவது, எண் பலகையை மறைக்காதது, பெட்டியோடு கழன்று வந்துவிடுவது என்ற வரையறைக்குள் நின்றால், அதிகாரியிடம் விளக்கிச் சொல்ல நமக்கு ஓர் அடிப்படை இருக்கும். அனுமதி கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பெட்டி செய்யும் கம்பெனியே தன் பெட்டிக்கென்று விளக்குத் தொகுப்பு விற்றால் அதை வாங்குவதையே நான் விரும்புவேன். இத்தாலியின் ஜீவி கம்பெனி தன் டாப் பாக்ஸ்கள் சிலவற்றுக்கு அப்படி விற்கிறது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

பதிவு 7 – நெடுங்கண்டம்_வழி

மின்னும் விளக்கைக் கைவிடுகிறேன். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், கவனத்தை இழுப்பது மின்னும் விளக்குதானே? அதில் என்ன தவறு?

பதிவு 8 – போடி_ஆட்டோ_எலக்ட்ரிக்

நியாயமான கேள்வி. கவனத்தை இழுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மலையில் இறங்கும்போது நாம் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அரை விநாடி, ஒரு விநாடிதான். அந்த நேரத்தில் பாதி மின்னலின் அணைந்த பகுதியிலேயே கழிந்துவிடும். பின்னால் வருபவர் உங்கள் பிரேக் எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்பதை அறிய முடியாது. எல்.இ.டி. உடனே எரிவதால் கிடைத்த அந்த 0.2 விநாடி ஆதாயமும் வீணாகும். அதோடு, பனியில் மின்னும் வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் கணிப்பது கடினம். நிலையாக எரியும் விளக்கு பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துத்தான் ஓட்டுநர் தான் நெருங்குவதை உணர்கிறார்.

பதிவு 9 – ஆரியங்காவு_செங்கோட்டை

புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய் வருபவன் நான். கம்பி இணைப்பே இல்லாமல், வண்டி வேகம் குறைவதை உணர்ந்து தானாக எரியும் பிரேக் விளக்கு கிடைக்கிறதே. பேட்டரியும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைக் கழற்றும்போது கப்ளர் தொல்லை இல்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜின் பிரேக்கிங்கில் வரும்போது நம் பிரேக் விளக்கு எரிவதில்லை. அந்தக் குறையையும் இது தீர்க்கும் அல்லவா?

பதிவு 10 – கம்பம்_பள்ளத்தாக்கு

செங்கோட்டை நண்பருக்கு: நானும் அதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். சமவெளியில் அது சரியாக வேலை செய்யக்கூடும். மலைப்பாதையில்தான் சிக்கல். வேகம் குறைவதை அளக்கும் உணரிக்கு, வண்டி பிரேக் பிடித்து நிற்பதும், வண்டி முன்பக்கம் சாய்ந்து இறக்கத்தில் ஒரே வேகத்தில் போவதும் ஒன்றுபோலவே தெரியும். நூற்றுக்கு ஏழு சரிவுள்ள இறக்கத்தில் புவியீர்ப்பின் ஏழு சதவீதம் அந்த உணரியில் பிரேக்காகப் பதிவாகும். மென்மையான என்ஜின் பிரேக்கிங்கும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் அளவுக்கு உள்ளே ஏற்பாடு இல்லாத மலிவான விளக்கு, இறக்கம் முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும், ஏற்றத்தில் உண்மையாகவே பிரேக் பிடித்தாலும் எரியாமல் இருந்துவிடும். பின்னால் வருபவர் நம்பக்கூடிய சைகையாக அது இருக்காது.

என்ஜின் பிரேக்கிங் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. அதற்கு வேறு வழி உண்டு. பல வண்டிகளில் பின்பிரேக் சுவிட்ச் ஒரு சிறிய ஸ்பிரிங்கில் தொங்கும். அதன் நட்டைத் திருகி ஏற்றினால், பிரேக் கட்டை பிடிப்பதற்கு முன்பே, மிதியை லேசாகத் தொட்டதும் விளக்கு எரியும்படி வைக்கலாம். இறக்கத்தில் கியரைக் குறைக்கும் அதே நேரத்தில் மிதியின்மேல் பாதத்தை லேசாக வைத்தால், வேகம் குறைவது பின்னால் வருபவருக்குத் தெரிந்துவிடும். அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் குலுங்கும் சாலையில் விளக்கு தானாக எரியும். வேலை முடிந்ததும் கல் சாலையில் ஓட்டி, நண்பர் ஒருவரைப் பின்னால் வரச்செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதிவு 11 – மறையூர்_உடுமலை

அலுமினியப் பெட்டி வைத்திருப்பவர்களும் இந்த விவாதத்தைப் படிப்பார்கள் என்பதால் பொருத்தும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

விளக்கை மூடியில் வைப்பதா, அடிப்பெட்டியில் வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூடியில் வைத்தால் உயரம் கிடைக்கும். ஆனால் திறக்கும்போதெல்லாம் கீல் பக்கத்தில் கம்பி மடங்கும். சாதாரண பி.வி.சி. கம்பி அந்த மடிப்பில் நாளடைவில் உள்ளேயே அறுந்துவிடும், வெளியே தெரியாது. மூடியில்தான் வைப்பேன் என்றால், மெல்லிய இழைகள் நிறைந்த சிலிக்கோன் உறைக் கம்பியை எடுத்து, கீலுக்கு அருகில் வளைவு விட்டுப் பொருத்துங்கள். என் விருப்பம் அடிப்பெட்டியின் மேல்விளிம்பு. மூடி ரப்பருக்குக் கீழே துளையிட்டால் மழைநீர் உள்ளே வரும் வாய்ப்பும் குறைவு.

அலுமினியத்தில் துளையிட்டபின் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் கிரோமெட், அதாவது துளையின் விளிம்பில் மாட்டும் வளையம், கட்டாயம் போடுங்கள். வெளியிலிருந்து உள்ளே நுழையும் கம்பி, துளைக்குக் கீழே ஒருமுறை தொங்கிவிட்டு மேலேறி நுழையட்டும். அப்போது கம்பி வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சிலிக்கோன் பசை வாங்கும்போது, வினிகர் வாடை அடிக்கும் வகையை மின் இணைப்புகளின்மேல் பூசாதீர்கள். அது உலரும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் பல பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அதில் இரட்டைப் பக்க டேப் சரியாகப் பிடிக்காது. அடியில் பூசும் பிரைமர் இல்லாமல் டேப்பை மட்டும் நம்பினால், வெயிலும் குலுக்கலும் சேர்ந்து விளக்கைக் கழற்றிவிடும். அதற்குத் திருகாணிதான் சரி. பாலிகார்பனேட் கண்ணாடியாக இருந்தால் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைக்காதீர்கள், நுண்ணிய வெடிப்புகள் விழுந்துவிடும்.

இன்னொன்று. பெட்டியின் பின்னால் இருக்கும் சிவப்புப் பகுதி உண்மையான ரிஃப்ளெக்டரா, வெறும் சிவப்பு பிளாஸ்டிக்கா என்பதை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் உண்மையான ரிஃப்ளெக்டராக இருந்தால் அதைத் தொடாதீர்கள். பேட்டரி தீர்ந்து வண்டி ஓரமாக நிற்கும்போதும் வேலை செய்வது அது ஒன்றுதான். வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் அதற்குப் பின்னால் தாராளமாக எல்.இ.டி. வைக்கலாம். ஆனால் சிவப்பு எல்.இ.டி.யாக இருக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சிவப்புக் கண்ணாடி விழுங்கிவிடும். சிவப்பு எல்.இ.டி.யின் வெளிச்சம் ஏறத்தாழ முழுவதும் வெளியே வரும்.

பதிவு 12 – பீர்மேடு_தேயிலை

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு தோட்ட நண்பர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார். அந்த வண்டியில் டெயில் விளக்கும் பிரேக் விளக்கும் பின் இண்டிகேட்டர்களுக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. டாப் பாக்ஸ் அவற்றை மறைப்பதில்லை. ஆனால் இரு பக்கமும் அகலமான சைடு பாக்ஸ்கள் மாட்டினால் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு மறையக்கூடும். அவருக்கு என்ன சொல்வது?

பதிவு 13 – போடி_ஆட்டோ_எலக்ட்ரிக்

முதலில் பெட்டிகளை மாட்டிவிட்டு, வளைவில் வரும் வண்டியைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். மறைந்தால் மட்டும் வேலையைத் தொடங்கட்டும். மூன்று வேலைகளும் ஒரே விளக்குக்குள் இருப்பதால் எந்தக் கம்பியில் எப்போது மின்சாரம் வருகிறது என்பதை மீட்டர் வைத்துப் பொறுமையாகக் கண்டுபிடித்த பிறகே கிளை எடுக்க வேண்டும். புது வண்டி என்றால் வாரண்டி நிபந்தனையையும் ஒருமுறை படித்துக்கொள்ளட்டும். அதுவரை பெட்டிகளின் பின்புறத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டுவது அவருக்குச் செலவில்லாத நல்ல பாதுகாப்பு.

பதிவு 14 – கம்பம்_பள்ளத்தாக்கு

எல்லோருக்கும் நன்றி. என் முடிவு இது: அடிப்பெட்டியின் மேல்விளிம்பில் 24 சிவப்பு எல்.இ.டி., நிலையான வெளிச்சம், இரண்டு டயோடு, சீட்டுக்கு அடியில் இடைத்துண்டு வயரிங், அதிலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. இண்டிகேட்டரைப் பெட்டியில் சேர்க்கப் போவதில்லை.

கடைசியாகக் கப்ளர் மட்டும் மீதமிருக்கிறது. பெட்டியை வைத்தவுடன் தானாகத் தொட்டுக்கொள்ளும் ஸ்பிரிங் முனைகள் நல்லதா, கையால் செருகும் கப்ளர் நல்லதா?

பதிவு 15 – போடி_ஆட்டோ_எலக்ட்ரிக்

கையால் செருகும் கப்ளரே நம் மலைக்கு ஏற்றது தம்பி. ஸ்பிரிங் முனைகள் தோட்டச் சாலையின் சேற்றையும் புழுதியையும் நேரடியாக வாங்கிக்கொள்ளும். அதோடு, டெயில் விளக்கு எரியும் நேரமெல்லாம் டெயில் முனையில் மின்சாரம் இருக்கும். நனைந்த நிலையில் அது எர்த் முனைக்கு அருகிலேயே இருந்தால், பாசிட்டிவ் முனை சீக்கிரம் அரித்துப்போகும்.

ரப்பர் வளையம் உள்ள மூன்று முனை வாட்டர்ப்ரூஃப் கப்ளராக வாங்குங்கள். மின்சாரம் வரும் வண்டிப் பக்கத்தில் முனைகள் குழிக்குள் மறைந்திருக்கும் பெண் பகுதியை வையுங்கள். அப்போது பெட்டி இல்லாமல் ஓட்டும்போது எதிலாவது உரசினாலும் எர்த் ஆகாது. அந்தப் பகுதிக்கு ஒரு மூடி போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேரியரின் உட்புறத்தில் டேக் போட்டுக் கட்டுங்கள். சக்கரத்திலிருந்து தெறிக்கும் தண்ணீர் படாத பக்கமாக இருக்கட்டும். செருகும்போது முனைகளில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிதளவு போதும்.

கப்ளரைக் கழற்ற மறந்து பெட்டியைத் தூக்கிவிட்டால் வண்டியின் வயரிங் இழுபடக் கூடாது. அதற்குக் கிளைக் கம்பியைக் கேரியர் குழாயில் இறுகக் கட்டிவிட்டு, கப்ளர் வரை நான்கு விரல் நீளம் மட்டும் தளர்வாக விடுங்கள். இழுத்தால் கட்டு தாங்கும், அறுந்தாலும் பெட்டிப் பக்கத்துக் கம்பிதான் அறும். சால்டர் வைத்த இடம் மடியாதபடி, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இணைப்பின் இரு பக்கமும் நீட்டிப் போடுங்கள். சால்டர் ஏறிய கம்பி விறைத்துவிடும், குலுக்கலில் அந்த விளிம்பில்தான் உடையும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டி விளக்கின் பிரேக் கம்பியை அதற்கான ஃபியூஸுக்குப் பிறகு வேண்டுமென்றே எர்த்தில் தொட்டுவிட்டு, பிரேக் அழுத்துங்கள். சிறிய ஃபியூஸ் போய், வண்டியின் பிரேக் விளக்கும் ஹாரனும் வேலை செய்தால் இணைப்பு சரி. டெயில் கம்பிக்கும் அதேபோல் பார்த்துவிட்டு, புது ஃபியூஸ்களைப் போட்டு, உபரியாக இரண்டை டூல்கிட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.